பூவராகவன் வேனுக்கு ஒரு நிழல்

எந்தக் குரலை மறுபடி கேட்டால் தன் நெஞ்சு வெடித்துவிடும் என்று சொர்ணம் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளோ, அந்தக் குரல் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்று, “இங்க வேனுக்குப் படுதா தைப்பீங்களா?” என்று வெகு சாதாரணமாகக் கேட்டது.

சொர்ணம் தலை நிமிரவில்லை. கையிலிருந்த கோணி ஊசி விரலில் இறங்கியது. லாரிப் படுதாவில் ரத்தம் பொட்டாக ஊறியது. வலி தெரியவில்லை.

“தைப்போம் சார். வந்து குந்துங்க,” என்றார் ஞானதாஸ். செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்தெருவில் இருந்த அந்தத் தார்ப்பாய்க் கடை அவருடையது. லாரிக்குப் படுதா, ரிக்‌ஷாவுக்குக் கூண்டு, கல்யாணத்துக்குப் பந்தல் துணி எல்லாம் அங்கே தைப்பார்கள். சொர்ணத்துக்கு அங்கேதான் பிழைப்பு.

உள்ளே வந்தவன் பூவராகவன். சலவைச் சட்டை, மோதிர விரலில் பச்சைக்கல், எதைப் பார்த்தாலும் அது தனக்காகவே செய்தது என்பது போன்ற பார்வை. பட்டணத்துப் பெரிய மனிதர்களைத் தன் நீல வேனில் ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கல் பறவைகளையும் மாமல்லபுரத்துக் கடலையும் காட்டி, கரையிலேயே சமைத்துப்போட்டு ஓரிரவு தங்கவைத்து அழைத்துப் போவது அவன் தொழில். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளை மேஜைமேல் விரித்தான். அதில் ஒரு வேன். அதன் விலாவிலிருந்து ஒரு துணி இறக்கையைப் போல நீண்டிருக்க, கீழே இரண்டு வெள்ளைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதே மாதிரி வேணும். போன தடவ மிலிட்டரி டென்ட் ஒண்ணு கொண்டுபோனேன். கட்டி முடிக்கிறதுக்குள்ள சூரியனே எறங்கிட்டான். உள்ள உக்காந்தவங்க இட்லியா வெந்துட்டாங்க. இது வேனோடவே இருக்கும். இழுத்தா நிழல், சுருட்டினா கிளம்பிடலாம்.”

“பச்சைத் தார்ப்பாய் போட்டுடலாம் சார். எந்த மழைக்கும் அசையாது,” என்றார் ஞானதாஸ்.

அப்போதுதான் சொர்ணம் வாய் திறந்தாள்.

“தார்ப்பாய் வேணாம் சார். மழைக்கு அது ராஜா, வெயிலுக்கு அது அடுப்பு. உச்சி வெயில்ல கீழ குந்தினா மெழுகு வாடை மண்டையப் புடிச்சிக்கும்.”

“அப்ப என்ன போடறது?”

“கித்தான் போடலாம். மேல ஒரு துணி, கீழ ஒரு துணி. நடுவுல நாலு வெரக்கடை எடம் வுட்டுத் தெச்சா, காத்து பூந்து பூந்து வெளிய போவும். சூடு மேல்துணியோட நின்னுடும். மேல புதுக் கித்தான். கீழ பழைய கட்டுமரப் பாய். உப்புத் தண்ணியில ஊறி ஊறி மெத்துனு ஆயிருக்கும். கனமே தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. வார்த்தை முந்திக்கொண்டுவிட்டது. எண்ணம் அதன் பின்னால் ஓடிவந்தது.

“சரி, அப்படியே செய்யி,” என்றான் பூவராகவன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வேலைக்காரப் பெண்களின் முகத்தையும் அழுகிற பெண்களின் முகத்தையும் அவன் எப்போதும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான்.

வாசகர்களே, இந்தச் சொர்ணம் கடற்கரைக்காரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் உள்ள ஒரு குப்பத்தில் மாயவன் என்ற வலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகல் மாயவன் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“மேகம் கருத்துகினு வருது. இப்ப எங்கய்யா போற?” என்று கேட்டாள்.

“வேன்காரரு வந்துகீறாரு. கடல்லேர்ந்து கோயில் எப்டித் தெரியுதுன்னு பாக்கணுமாம். நல்லாருந்தா ஆளுங்கள இட்டாருவாராம். காத்து சரியில்ல சார்னேன், கேக்க மாட்றாரு. ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன், கொழம்பக் கூட்டு.”

குழம்பு கொதித்தது, ஆறியது. மாயவன் வரவில்லை. மறுநாள் காலை சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குக் கீழே கட்டுமரம் ஒதுங்கியிருந்தது. பாயும் அதிலேயே சிக்கியிருந்தது. ஆள் மட்டும் இல்லை. உடலும் கடைசிவரை கிடைக்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் பூவராகவன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தான். “நான் அன்னிக்குக் கடற்கரைப் பக்கமே வரலை. அந்த ஆள் குடிச்சிட்டுத் தனியாப் போயிருப்பான்.” அதுவே உண்மையாயிற்று. உடல் கிடைக்காததால் அந்த உண்மைக்குக் கையும் காலும் முளைத்தன. மாயவன் ஆந்திரா பக்கம் எவளோடோ ஓடிவிட்டான் என்றுகூடப் பேசினார்கள். மாயவனின் அக்காள் ஆதியம்மாள் நடுத்தெருவில் நின்று, “எந்தம்பிக்கு வூட்டுல நிம்மதி இருந்தா அவன் ஏன்டி குடிக்கப் போறான்? அவனத் தின்னவ நீதான்டி!” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் கடலுக்குப் போய் ஒருவன் மட்டும் திரும்பி வந்தால், செத்தவனின் பாயைக் கரையில் நிழலாகக் கட்டுவார்கள். திரும்பி வந்தவன் அதன் கீழே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஊர் சுற்றி உட்கார்ந்து கேட்கும். யாரும் குறுக்கே பேசக் கூடாது. செத்தவனின் பாய்க்குக் கீழே பொய் சொன்னவன் அந்தக் கரையில் இதுவரை இல்லை. அந்தச் சொல் சொல்லப்படும்வரை செத்தவனுக்குக் காரியம் கிடையாது. அவன் பெண்டாட்டி சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை.

ஊர்த் தலைவரான நாட்டார் ராமதாஸ் அவளையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கே போனார். பூவராகவன் கதவைக்கூடத் திறக்கவில்லை. மாடியிலிருந்தபடியே, “கடலுக்கே போகாதவன் எதுக்குய்யா உங்க கந்தலுக்குக் கீழ வந்து உக்காரணும்? போய் மீனப் புடிங்கய்யா!” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் சொர்ணம் மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்து வளர்த்தாள். பெற்ற பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்தாள். குப்பத்தில் இருக்க முடியாமல் செங்கல்பட்டுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் மாயவனின் பாயும்தான்.

இப்போது அந்தப் பாயைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

ஞானதாஸ் பார்த்துவிட்டார். அவள் கதை தெரிந்தவர்; வேன்காரன் யார் என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. மரப்பட்டைச் சாயம் ஏறிய காவித்துணி. நடுவில் சிவப்புக் கட்டம் போட்ட லுங்கித் துணியில் ஒரு பெரிய ஒட்டு.

“சொர்ணம், இது மாயவன் பாயாச்சே. வேணாம்மா. பழி பாவத்தையெல்லாம் மேல கீறவரு கையில வுட்டுடு.”

“மூணு வருசமா அவரு கையிலதான் அண்ணாத்த வுட்டு வெச்சிருந்தேன். அவருக்கு ஆயிரம் வேல. நான் சும்மாதான கீறேன்?”

“நடுவழியில துணி அறுந்து அவன் தலையில வுழற மாதிரி ஏதாச்சும் செஞ்சின்னா, கட பேரு கெட்டுடும், ஆமாம்.”

சொர்ணம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அறுந்து வுழுறதா? இந்த மாதிரி ஒரு நெழலு அவன் ஆயுசுக்கும் பாத்திருக்கக் கூடாது அண்ணாத்த. எவ்ளோ சொகமா கீதோ, அவ்ளோ நேரம் குந்துவான்.”

அப்படித்தான் தைத்தாள். ஒவ்வொரு மூட்டுக்கும் இரட்டைத் தையல். விளிம்பு முழுக்கப் பாயின் பழைய கயிற்றையே உள்ளே வைத்து மூடித் தைத்தாள், காற்று இழுத்தால் துணி கிழியாமல் கயிறு தாங்கும்படி. வேன் கூரையின் சாமான் கம்பியில் மாட்டப் பித்தளை வளையங்கள். முன்பக்கம் தாங்க இரண்டு இரும்புக் குழாய்கள். அதில் ஒன்று ஒரு சாண் குட்டை. பனியோ தூறலோ விழுந்தால் நடுவில் தேங்கித் தொப்பை போடாமல் அந்த மூலை வழியாக வழிந்துவிடும். ஒரு தாய் தொட்டில் கட்டுவாளே, அத்தனை கவனமாக அந்தப் பழியை அவள் கட்டினாள்.

கடை வாசலில் மாட்டிப் பார்த்ததும் பூவராகவன் பூரித்துப்போனான். அண்ணாந்து, “இது என்ன செவப்பு ஒட்டு?” என்று கேட்டான்.

“பாய்னா ஒட்டு இருக்கும் சார். ஒட்டு போட்ட எடம்தான் கெட்டி.”

வலைக்காரனுக்கு ஒவ்வொரு பாயும் ஒரு முகம். தூரத்தில் வரும்போதே இது இன்னார் பாய் என்று கரையிலிருந்து சொல்லிவிடுவான். பூவராகவனுக்கு எல்லாம் துணிதான்.

“மொத தடவ நானே வந்து கட்டிக் காட்றேன் சார்,” என்றாள் சொர்ணம். “மணல்ல முளைக்குச்சி நிக்காது. கோணியில மணல அள்ளிக் கட்டிப் பொதைக்கணும். எங்க நிறுத்துவீங்க?”

“கோயிலுக்குப் பக்கத்துலதான்.”

“அங்க காத்து மோதும். தெக்கால போனா குப்பத்துக்கிட்ட சவுக்குத் தோப்பு கீது. தரையும் கெட்டி. மீனு அப்படியே வலையிலேர்ந்து எடுத்துக்கலாம்.” அவன் முகம் லேசாகச் சுருங்கியதைக் கவனித்தாள். “ஏன் சார், அந்தப் பக்கம்னா பயமா?”

“எனக்கென்னடி பயம்?” என்றான் பூவராகவன் சட்டென்று. ஆணவம் பிடித்தவனைக் குழியில் தள்ள வேண்டியதில்லை; குழியைக் காட்டி, தாண்டமாட்டாயோ என்று கேட்டால் போதும்.

தை மாதம். கடல் சாதுவாக இருந்தது. வேடந்தாங்கலில் நாரைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பட்டணத்து வக்கீலும் அவர் மனைவியும்தான் அன்றைய விருந்தாளிகள். சொர்ணம் சொன்ன இடத்தில், வேனின் மூக்கு மேற்கே பார்க்க நின்றது. படுதா மாட்டிய இடது விலா தெற்கே திரும்பியதால், வடக்கிலிருந்து வீசிய வாடைக்காற்றை வேனே மறித்துக்கொண்டது. அவள் கோணிகளைப் புதைத்தாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். கடல் பக்கத்துக் குழாயை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். வெயில் ஏற ஏற, வெளியே மணல் பொரிந்தது. உள்ளே தென்னந்தோப்புக்குள் இருப்பது போலக் குளிர்ந்தது.

“அடடா, சொர்க்கம்!” என்றார் வக்கீல்.

பூவராகவன் மடக்கு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தான். “எல்லாம் என் ஏற்பாடு சார்.”

சொர்ணம் சக்கரத்தோரம் நிழலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

மீன்கூடையோடு முதலில் வந்தவள் ஆதியம்மாள். “வவ்வா மீனு, சங்கரா! துள்ளுது பாரும்மா!” என்று வக்கீலம்மாவிடம் குனிந்தவள், கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். சிவப்புக் கட்டத்து ஒட்டு. அது அவள் புருஷனின் லுங்கி. தம்பியின் பாய் கிழிந்தபோது அவள்தான் கிழித்துக் கொடுத்தாள்.

அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. நாற்காலியில் இருந்தவனிடம் போயிற்று. அங்கிருந்து சக்கரத்தோரம் இருந்த சொர்ணத்திடம் வந்தது.

“இன்னாடி இது?” என்றாள்.

“பாக்கறியே அண்ணி. அதேதான்.”

“அப்போ இவன்தானா?”

“போயி ஊரக் கூப்டு.”

ஆதியம்மாள் கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சற்று நேரத்தில் குப்பம் வந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஈர உடம்போடு வந்தார்கள். பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. வந்தவர்கள் வேனைச் சுற்றி, வெயிலில், சுடுமணலில் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லார் கண்ணும் பூவராகவன் மேல். கடைசியாக நாட்டார் ராமதாஸ் வந்து முன்னால் சம்மணமிட்டு அமர்ந்தார்.

“என்னய்யா கூட்டம்? எழுந்து போங்கய்யா!” என்று கத்தினான் பூவராகவன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மா பயந்துபோனாள். “இவங்க எதுக்கும்மா இப்படி உக்காந்திருக்காங்க?” என்று சொர்ணத்தைக் கேட்டாள்.

சொர்ணம் எழுந்தாள். மூன்று வருஷமாகக் குனிந்தே இருந்த தலை அன்றைக்குத்தான் நிமிர்ந்தது.

“உங்க தலைக்கு மேல கீறது எம்புருசன் பாய்ம்மா. அவரு கடல்ல பூட்டாரு. அவரோட போயித் திரும்பி வந்தவன் இதுக்குக் கீழ குந்தி, அவரு எப்டிச் செத்தாருன்னு சொல்லணும். அது எங்க ஊரு மொறை. சார்தான் கூடப் போனாரு. அன்னிக்கு மாடியிலேர்ந்து சிரிச்சாரு. இன்னிக்கு அவரே சொகமா வந்து குந்திகினாரு. அதான் கேக்க வந்துகீறாங்க.”

“பொய்! இவ யாருன்னே தெரியாது சார்! இது சாதாரண படுதா!” பூவராகவன் துள்ளி எழுந்தான். “இத இப்பவே பிச்சி எறியறேன்!”

கையை நீட்டி விளிம்பைப் பிடித்து இழுத்தான். துணி கிழியவில்லை. உள்ளே இருந்த கயிறு அவன் உள்ளங்கையில் அழுந்தியது.

அவன் கை அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது! ஒரு மாலை முழுவதும் உயிரைப் பிடிப்பது போல அவன் பிடித்துக்கொண்டிருந்த கயிறல்லவா அது! முகம் வெளிறியது. மணலில் உட்கார்ந்தான்.

“பூவராகவன், நீங்க போனீங்களா?” என்றார் வக்கீல். அவரது குரல் மாறியிருந்தது.

அவன் வாய் திறந்தான். யாரையும் பார்க்காமல், மணலைப் பார்த்துப் பேசினான்.

“அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சேன். திரும்பறப்ப அலை பெரட்டிடுச்சு. எனக்கு நீச்சல் தெரியாது. அவன்தான் என்னைப் புடிச்சி மரத்துமேல போட்டான். பாயை அவுத்து என்னைச் சுத்தி, இந்தக் கயித்தால மரத்தோட கட்டினான். அவனக் கட்டிக்க ஒண்ணும் மிச்சமில்ல. தண்ணியில கெடந்தபடியே மரத்தப் புடிச்சிக்கிட்டு வந்தான். ‘பயப்படாத சார், கரை தெரியுது சார்’னு எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே வந்தான்…”

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

“அவன் கை மரத்துப்போச்சு. ‘சார், கையக் கொஞ்சம் குடு சார்’னான். மறுபடியும் கேட்டான். குடுத்தா என்னையும் இழுத்துடுவானோன்னு… நான் கைய பாய்க்குள்ள இழுத்துக்கிட்டேன். அப்புறம் கேக்கல. திரும்பிப் பாத்தேன், அவன் இல்ல. மரம் கரை ஒதுங்கினதும் கட்ட அவுத்துக்கிட்டு ஓடிட்டேன்.”

“ஐயோ, எஞ்சாமீ!” என்று ஆதியம்மாள் மார்பில் அறைந்துகொண்டு மணலில் புரண்டாள். தவழ்ந்து வந்து சொர்ணத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். “தின்னவ நீன்னு சொன்னனேடி! இந்த வாய்ல புழு வைக்க!” சொர்ணம் அவளை எழுப்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரும் இல்லை. அதுவரை அவளுக்குத் தெரிந்த அவன் குற்றம் ஒரு பொய் மட்டும்தான். கடல் கொன்றதை மறைத்துவிட்டான் என்றுதான் அவனை வெறுத்தாள். கட்டிப் போட்டுக் காப்பாற்றியவனுக்கு ஒரு கை கொடுக்காதவன் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷத்து வெறுப்பு போதாமல் போயிற்று.

ராமதாஸ் ஒரு செம்புத் தண்ணீரை அவளிடம் நீட்டினார்.

“சொர்ணம், சொன்னவனுக்கு செத்தவன் பொஞ்சாதி ஒரு வாய்த் தண்ணி குடுக்கணும். குடுத்துட்டா அத்தோட செரி. ஊரு அவன அப்பறம் ஒண்ணும் கேக்காது.”

“குடுக்கலைன்னா?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

“இந்தக் கரையில அப்பறம் எவனும் அவனுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டான்மா.”

பூவராகவன் தலை தூக்கினான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. “தாயே,” என்றான். இரண்டு கையும் தானாக நீண்டன.

சொர்ணம் செம்பை வாங்கினாள். அவன் நீட்டிய கைகளைப் பார்த்தாள். பிறகு செம்பைத் தன் வாயில் வைத்து, அவன் பார்க்கப் பார்க்க, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“அவரும் கேட்டாரு,” என்றாள்.

அதன் பிறகு கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தாள். கீழ்த்துணி அவள் கைக்கு வந்தது. மேலே இருந்த புதுக் கித்தானை அவன் பக்கம் தள்ளி, “இது உன்னுது. எடுத்துகினு போ,” என்றாள். ஊர் அன்றைக்கே மாயவனுக்குக் காரியம் செய்து, பாயைக் கடலில் விட்டது. வக்கீலும் மனைவியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். வேனைத் திருப்பும்போது பின்சக்கரம் இளமணலில் புதைந்தது. அவன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை கரை நெடுகச் செய்தி பரவிற்று. அவன் வேனைக் கண்டால் மீன் கிடையாது, கட்டுமரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. தொழில் படுத்தது, ஆளும் ஊரைவிட்டுப் போனான்.

குப்பத்துக்கே வந்துவிடும்படி ஆதியம்மாள் எத்தனையோ தடவை வந்து அழுது கூப்பிட்டாள். சொர்ணம் போகவில்லை. அவளுக்கு வேலை குவிந்துகிடந்தது. இரண்டு துணி வைத்துத் தைக்கும் வேன் படுதாவைக் கேட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

ஒரு நாள் ஞானதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏம்மா, இப்பவாச்சும் மனசு ஆறிச்சா?”

“இல்ல அண்ணாத்த.”

“அந்த ஒரு செம்புத் தண்ணிய அவனுக்குக் குடுத்திருக்கலாமோன்னு எனக்கு அப்பப்பத் தோணுது.”

சொர்ணம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இன்னொரு செம்பு இருந்திருந்தா அதையும் நானே குடிச்சிருப்பேன்,” என்றாள்.